ஹாரன் மிஸ்ஸின் தொண்டை

ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவின் தமிழ் மிஸ்ஸுக்குத் தொண்டை போய்விட்டது. போகாமல் என்ன செய்யும்? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தத் தொண்டையிடம் அவள் வாங்கிய வேலைக்கு, அது இரும்புக் குழாயாக இருந்திருந்தால்கூட இதற்குள் ஓட்டை விழுந்திருக்கும். வகுப்பு நிறையப் பிள்ளைகள், தலைக்கு மேலே கடகடவென்று ஒரு மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே லாரிகள் போகும் சாலை. இத்தனையையும் தாண்டி ஒரு செய்யுள் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும். அவள் முதல் மாடியில் இலக்கணம் நடத்தினால், கீழே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் காவல்காரருக்கும் இலக்கணம் வந்துவிடும் என்பார்கள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ஹாரன். அந்தப் பெயர் மிஸ்ஸுக்குத் தெரியாது என்று ஒவ்வொரு வருடத்துப் பிள்ளைகளும் நம்பினார்கள். அவளுக்கு நன்றாகவே தெரியும், அதில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த ஹாரன்தான் இந்த வருடம் மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலையில் முதல் வகுப்பில் ஒழுங்காக இருக்கும் குரல், சாப்பாட்டு மணிக்குள் நாற்காலியைத் தரையில் இழுப்பது போல ஆகிவிடும். மாலையில் பேருந்து நடத்துநரிடம் இறங்கும் இடத்தைச் சொல்லக்கூட விரலைத்தான் நீட்ட வேண்டியிருந்தது. ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அவள் எல்லாவற்றையும் குடித்துப் பார்த்தாள், வயிறுதான் கெட்டது.

வீட்டில் அவள் கணவருக்கு வேறு கவலை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர் அவர். நாள் முழுக்க இயந்திரச் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிற மனிதர்.

“கல்யாணம் ஆன நாள்ல இருந்து நீ இவ்வளவு அமைதியா இருந்து நான் பார்த்ததே இல்ல. எனக்கு பயமா இருக்கும்மா. நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்” என்றார். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது கிண்டல் இல்லை.

தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, திரையில் காட்டினார். “டீச்சருங்களுக்கு வர்றதுதான்மா இது. குரல் நாண் ரெண்டுலயும் தடிப்பு. இனிமே உங்க குரல் குடத்துல பிடிச்சு வெச்ச தண்ணி மாதிரி. குழாய்ல தண்ணி வராதுன்னு நெனச்சுக்கிட்டு செலவு பண்ணுங்க. தேவையானதை மட்டும் பேசுங்க.”

“கிளாஸ் எடுக்கணுமே டாக்டர்.”

“அதைத்தான் சொல்றேன். எடுக்காதீங்க.”

இதை மறுநாள் தலைமையாசிரியையிடம் சொன்னபோது, அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பள்ளி நடத்துகிறவர்களுக்கு வரும் கணக்குப் புத்தி அவருக்கும் வந்திருந்தது, அவ்வளவுதான்.

“மிஸ், மனசுல பட்டதைச் சொல்லிடறேன். தப்பா எடுத்துக்காதீங்க. குரல் இல்லாத டீச்சரை வெச்சு ஒன்பதாங்கிளாஸை ஓட்ட முடியாது. அடுத்த வருஷம் நீங்க ஆபீஸ் ரூமுக்கு வந்துடுங்களேன். அட்மிஷன், சர்டிஃபிகேட், டைம் டேபிள்... உக்காந்த இடத்துல வேலை. உடம்புக்கும் நல்லது.”

அலுவலக அறை! நகல் எடுக்கும் இயந்திரத்துக்கும் தண்ணீர் வடிகட்டிக்கும் நடுவில், சுவரைப் பார்த்துப் போட்ட ஒரு மேசை. அதில் கடைசியாக உட்கார்ந்திருந்த ஓவிய மாஸ்டர், ஓய்வு பெறும் வரை முத்திரை குத்தியே காலம் தள்ளிவிட்டுப் போனார். தமிழ் மிஸ்ஸுக்குக் களைப்புதான், யார் இல்லை என்றது? வகுப்பில் நிற்கும்போது கால் கடுக்கிறது, முதுகு பிடிக்கிறது, விடைத்தாள் கட்டைப் பார்த்தால் அழுகை வருகிறது. ஆனால் அதெல்லாம் வகுப்புக்குள் இருக்கிற களைப்பு. வகுப்பு இல்லையென்றால் அவளுக்கு வேறு என்னதான் தெரியும்?

“இந்த வருஷம் முடியட்டும் மேடம். எப்படியாவது ஒப்பேத்திடறேன்.”

“எப்படி ஒப்பேத்துவீங்க?”

மேசை மேல் ஒரு சுற்றறிக்கை கிடந்தது. மொழி வகுப்புகளில் மாணவர்களே பாட்காஸ்ட் தயாரிக்க வேண்டும், பேச்சுத்திறன் வளரும், கேட்கும் திறன் வளரும் என்று ஏதேதோ எழுதியிருந்தார்கள். போன மாதம் இதே தாளை ஆசிரியர் அறையில் படித்துவிட்டு, “பாடத்தை முடிக்கவே நாக்கு தள்ளுது, இதுல ரேடியோ ஸ்டேஷன் வேற நடத்தணுமாக்கும்” என்று முதல் ஆளாக நொடித்தவள் அவள்தான். இப்போது அந்தத் தாள் மேல் விரலை வைத்தாள்.

“இதைச் செய்யறேன் மேடம். பிள்ளைங்க பேசட்டும். நான் கேக்கறேன்.”

ஆர்வமும் கிடையாது, புதுமையும் கிடையாது. பேசாமல் வகுப்பு நடத்த வேறு வழி இல்லை, அவ்வளவுதான். தலைமையாசிரியை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். வருடக் கடைசியில் பெற்றோர் கூட்டத்துக்குத் தாளாளர் வருவார், பள்ளிக்கூடமே அவருடையது, அடுத்த வருடம் யார் எங்கே என்று அவர்தான் முடிவு செய்வார், அதுவரை பார்க்கலாம் என்றார்.

மாடிப்படிக்கு அடியில் பழைய தேசப்படங்களைச் சுருட்டி வைக்கும் ஓர் அறை இருந்தது. துணி ஒட்டிய படங்களும் கிழிந்த திரைச்சீலைகளும் அடைந்து கிடந்ததால், உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் லாரிச் சத்தம்கூட எட்டிப் பார்க்காது. கம்ப்யூட்டர் சார் ஒரு பழைய கைப்பேசியைக் கொடுத்து, அதில் பதிவு செய்யவும் வெட்டி ஒட்டவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு நாலு பேர். தாங்களே ஒரு ஆளைப் பிடித்துப் பேட்டி எடுக்க வேண்டும், அல்லது பாடத்தில் உள்ள ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். முடிவில் ‘மிஸ் சொல்றாங்க’ என்று ஒரு பகுதி. சாப்பாட்டு இடைவேளையில் தமிழ் மிஸ் அந்த அறைக்குள் போய், ஒவ்வொரு பதிவுக்கும் தன் கருத்தை அதே கைப்பேசியில் பேசி விட்டுவிட்டு வருவாள். எழுதித் திருத்துவதற்குப் பதில் இது.

முதலில் வந்தவற்றைக் கேட்க வேண்டுமே! கட்டுரைப் போட்டிக்கு மனப்பாடம் செய்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள். ஒருத்தன் காற்புள்ளி, முற்றுப்புள்ளியையும் சேர்த்துப் படித்திருந்தான். ஒரு குழு, தபால்காரரைப் பேட்டி எடுக்கிறோம் என்று போய், அவர் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டு, கடைசிவரை அந்த மனிதரை ஒரு வாக்கியம்கூட முடிக்க விடவில்லை. பதிவுகளைத் தன் கைப்பேசியில் ஏற்றி, மாலைப் பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு அவள் எல்லாவற்றையும் கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் அம்மா பாட்டுக் கேட்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

இடைவேளையில் அந்த அறையில், குடத்துத் தண்ணீரை அளந்து ஊற்றுகிற மாதிரி அவள் பேசினாள். தேவையானதை மட்டும். எது தேவை? தப்பு எங்கே என்று சொல்வதுதான் தேவை. “வேகம் ஜாஸ்தி. குறை.” “ளகரம் வரல. பழகு.” “கேள்வி கேட்டா பதிலுக்கு நில்லு.” “ஆரம்பத்துல நீ யாருன்னே சொல்லல. மறுபடி பண்ணு.” சரியாக இருப்பதைச் சரி என்று சொல்லித் தொண்டையை வீணாக்குவானேன்? அதுதான் சரியாக இருக்கிறதே!

பிள்ளைகள் தேறினார்கள், அதையும் சொல்ல வேண்டும். வெட்டி ஒட்டுவதில் ஒரு பெண் கில்லாடியாகிவிட்டாள். யாராவது ‘அது வந்து, அது வந்து’ என்று இழுத்தால், அந்த ‘வந்து’வை இருந்த இடம் தெரியாமல் எடுத்துவிடுவாள். அவளுக்குக் கத்திரி என்று பெயர் வந்தது. தபால்காரரை விடாமல் மொய்த்த குழு, அடுத்த முறை ஒரு தையல்காரரிடம் போய் வாயை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு வந்தது. வகுப்பில் மிஸ் பேசாமல் நின்றால் அவர்களும் பேசாமல் நிமிர்ந்து பார்த்தார்கள். கத்தாமலும் வகுப்பு நடக்கும் என்பது அவளுக்கே புதுச் செய்தி. இத்தனை வருடம் தெரியாமல் போயிற்றே என்று அதற்கும் ஓர் அலுப்பு வந்தது.

ஆமை என்று ஒரு பையன் இருந்தான். பெயருக்கேற்ற ஆள். மற்றவர்கள் தேர்வுத் தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே விளையாடிக்கொண்டிருக்கும்போது, அவன் இரண்டாவது கேள்விக்குக் கோடு போட்டுக்கொண்டிருப்பான். அவனை எந்தக் குழுவும் சேர்த்துக்கொள்ளவில்லை. “மிஸ், இவன் ‘வணக்கம்’ சொல்றதுக்குள்ள பெல் அடிச்சுடும் மிஸ்” என்றார்கள். கடைசியில் தனியாகவே செய்யச் சொல்லிவிட்டாள். அவன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவைப் பேட்டி எடுத்துக்கொண்டு வந்தான். மருத்துவமனைத் துணிகளுக்கு இஸ்திரி போடுகிறவர் அந்த அம்மா.

தமிழ் மிஸ் அதைப் பேருந்தில் கேட்டாள். முதலில் பாத்திரம் உருட்டும் சத்தம்தான். பிறகு அவன் குரல், “அம்மா, உனக்கு... எந்த வேலை பிடிக்கும்?”

பதிலே இல்லை. எதையோ கீழே வைக்கிற சத்தம். யாரோ தண்ணீர் குடிக்கிற சத்தம். பதிவு நின்றுவிட்டதோ என்று தமிழ் மிஸ் கைப்பேசியைப் பார்த்தாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் அந்த அம்மாவின் குரல், யாரிடமோ ரகசியம் சொல்வது போல வந்தது.

“பிடிக்குமான்னு யாருடா என்னைக் கேட்டா? இரு, யோசிக்கணும்.” மறுபடி மௌனம். “பஸ் ஓட்டணும்டா. பெரிய பஸ். உசரத்துல உக்காந்துக்கிட்டு, எதிர்ல ரோடு பூரா தெரியணும். ஒரு நாளைக்காவது தலை நிமிர்ந்தே வேலை செய்யணும். இங்க குனிஞ்சே கெடக்கறேன்ல.”

தமிழ் மிஸ் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. அதற்கு அடுத்ததும் போய்விட்டது. கடைசியில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் வேறு பேருந்து பிடித்து, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கணவரிடம் சைகையிலேயே கதையைச் சொல்லப் பார்த்தாள். ஸ்டியரிங் பிடிப்பது போலக் கையைச் சுற்றிக் காட்டினாள். “என்ன, மாவாட்டணுமா?” என்றார் அவர். சிரிப்பும் கண்ணீருமாக விட்டுவிட்டாள்.

மறுநாள் அறைக்குள் போய்க் கருத்தைப் பேசினாள். அன்றைக்குத் தொண்டை ரொம்ப மோசம். தேவையானதை மட்டும் பேசிவிட்டு வந்தாள்.

வருடக் கடைசியில், கூட்டத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, குரல் சுத்தமாக நின்றுபோயிற்று. காலையில் எழுந்து கணவரைக் கூப்பிட வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. மருத்துவர் இந்த முறை கோபித்துக்கொண்டார். “நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை கூடாது. கிசுகிசுன்னு பேசறதும் கூடாது, அது இன்னும் மோசம். மீறிப் பேசினீங்க, நிரந்தரமா இப்படியே நின்னுடும். அப்புறம் என்கிட்ட வராதீங்க.” ஒரு சிறிய சிலேட்டுப் பலகை வாங்கிக்கொண்டாள். வகுப்பில் கரும்பலகை, வீட்டில் சிலேட்டு என்று ஆயிற்று.

தலைமையாசிரியை அவளை அழைத்துக் கதவைச் சாத்தினார். “மிஸ், உங்க பிள்ளைங்க பண்ணினதுல ஒரு எபிசோடைக் கூட்டத்துல போடலாம்னு இருக்கேன். தாளாளருக்கு இதெல்லாம் ரொம்ப இஷ்டம். ஆனா கடைசில உங்க குரல் இருந்தே ஆகணும். நீங்க பேசவே மாட்டீங்கன்னு பெத்தவங்களுக்குள்ள ஏற்கெனவே ஒரு பேச்சு ஓடுது. அவர் காதுக்கும் போயிருக்கு. உங்க குரலை அவர் ஒரு தடவை கேட்டுட்டா போதும், நான் பேசிச் சமாளிச்சுடுவேன். இல்லேன்னா என் கையில ஒண்ணும் இல்ல.”

வகுப்புக்கு வந்து கரும்பலகையில் எழுதினாள். எந்த எபிசோடைப் போடலாம்? வகுப்பு ஒருமனதாக ஆமையின் பெயரைக் கத்தியது. ஆமை தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டான். அடுத்து எழுதினாள். ‘மிஸ் சொல்றாங்க’ பகுதிக்கு என் குரல் வேண்டும். என்னால் பேச முடியாது.

கத்திரி உடனே எழுந்தாள். “மிஸ், இதுக்கு ஏன் கவலைப்படறீங்க? ஒரு வருஷத்துக் குரல் எங்ககிட்ட இருக்கே. அதுல இருந்து வெட்டி ஒட்டிடறேன். நீங்க பேசின மாதிரியே இருக்கும். எல்லாத்துலயும் தேடி, ஒரு ‘வணக்கம்’, ஒரு ‘நல்லா இருக்கு’, ஒரு ‘பாராட்டுக்கள்’ எடுத்தா முடிஞ்சது!”

அன்றைக்குத் தமிழ் மிஸ்ஸுக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. வீட்டில் நிம்மதியாகத் தூங்கினாள்.

இரண்டு மூன்று நாள் கத்திரியைக் காணவில்லை. வகுப்பில் இருப்பாள், மிஸ்ஸின் கண்ணில் மட்டும் படமாட்டாள். கடைசியில் தமிழ் மிஸ்ஸே இடைவேளையில் தேசப்பட அறைக்குப் போனாள். கத்திரியும் ஆமையும் இன்னும் இரண்டு பேரும் கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

என்ன ஆச்சு என்று கையை விரித்துக் கேட்டாள்.

“அது வந்து மிஸ்...” என்றாள் கத்திரி. அவளே இழுக்கிறாள். “எல்லாத்தையும் கேட்டாச்சு மிஸ். ‘வணக்கம்’ கெடச்சுடுச்சு. ‘பாராட்டுக்கள்’ இல்ல. ‘அருமை’ இல்ல. ‘சபாஷ்’ இல்ல. ‘பரவாயில்ல’கூட இல்ல மிஸ்.”

தமிழ் மிஸ் தலையை ஆட்டினாள். இருக்காது, இருக்கவே இருக்காது. தையல்காரர் எபிசோடுக்குச் சொன்னேனே, இந்தப் பையனுடையதுக்கு... யோசித்தாள். பேருந்தில் நினைத்திருக்கிறாள். வீட்டில் பாத்திரம் கழுவும்போது நினைத்திருக்கிறாள். ளகரம் வராமலிருந்த பெண்ணுக்கு இப்போது அது என்ன அழகாக வந்துவிட்டது என்று தூக்கத்துக்கு முன்னால்கூட நினைத்திருக்கிறாள். இந்த அறைக்குள் வந்து வாயைத் திறந்து எப்போது சொன்னாள்?

“ஆனா ஒரே ஒரு ‘நல்லா இருக்கு’ கெடச்சுது மிஸ்” என்று கத்திரி அவசரமாகச் சொல்லி, அதைத் தட்டினாள். அவள் குரல்தான். கரகரப்பாக இருந்தாலும் தெளிவாக, கொஞ்சம் மேலே தூக்கி, நல்லா இருக்கு என்று சொன்னது. தமிழ் மிஸ்ஸுக்கு அப்பாடா என்று இருந்தது. யாருக்குச் சொன்னது என்று விரலை நீட்டிக் கேட்டாள். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கத்திரி வெட்டாத பதிவைப் போட்டாள். “முதல் நிமிஷம் பூரா பாத்திரச் சத்தம். நல்லா இருக்குன்னு நெனச்சியா? நடுவுல யாருமே பேசல. காலியா ஓடுது. அதெல்லாம் வெட்டு. மறுபடி பண்ணு.”

மூன்று பேர் சிரித்தார்கள். குத்திக் காட்டவில்லை, அவளுடன் சேர்ந்து ஒரு நல்ல வேடிக்கையைக் கேட்டதற்குச் சிரிக்கிற சிரிப்பு அது. மிஸ் என்றால் இப்படித்தான் பேசுவார் என்று அவர்களுக்குத் தெரியும், அதில் அவர்களுக்கு வருத்தமே இல்லை. அதுதான் தமிழ் மிஸ்ஸுக்குத் தாங்கவில்லை. யாராவது ஒருத்தர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. ஆமை சிரிக்கவில்லை. அவன் மெதுவாக, அவளைத் தேற்றுகிற மாதிரி சொன்னான்.

“பரவாயில்ல மிஸ். அதையே வெச்சுக்கலாம். அதுலதான் உங்க குரல் தெளிவா இருக்கு.”

வேண்டாம் என்று எழுதியிருக்க வேண்டும். சிலேட்டு கையில்தான் இருந்தது. நகல் இயந்திரமும், சுவரைப் பார்த்த மேசையும் கண் முன்னால் வந்து நின்றன. ரொம்பக் களைப்பாக இருந்தது. தமிழ் மிஸ் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றுதான் ஏற முடிந்தது.

கூட்டம் ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. பள்ளியின் பெரிய கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், விசிறிக்கொள்ள ஆளுக்கொரு அட்டை, முன்வரிசையில் தாளாளர். தேர்ச்சி விகிதம், கழிப்பறைத் தண்ணீர், சீருடை என்று பேச்சு இழுத்துக்கொண்டே போய், எல்லாரும் நெளிய ஆரம்பித்த பிறகு கம்ப்யூட்டர் சார் ஒலிபெருக்கியை இணைத்தார்.

ஆமையின் அம்மாவின் குரல் அந்தப் பெரிய கூடத்தில் கேட்டது. பஸ் ஓட்டணும்டா என்றதும் முதலில் சிலர் சிரித்தார்கள், பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு ‘மிஸ் சொல்றாங்க’. அவள் குரல் வணக்கம் என்றது. இந்த எபிசோட் நல்லா இருக்கு என்றது. கத்திரி கெட்டிக்காரி, ஒட்டு எங்கே என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. கைதட்டல் எழுந்தது. தாளாளர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். கூட்டம் கலைந்ததும் அவரே எழுந்து அவள் பக்கத்தில் வந்தார்.

“குரலே போயிடுச்சுன்னு என்னென்னமோ சொன்னாங்களேம்மா? கணீர்னு இல்ல இருக்கு! ஒன்பதாங்கிளாஸ் உங்களுக்குத்தான், போங்க.”

பக்கத்தில் நின்ற தலைமையாசிரியை கண்ணாலேயே அவளுக்கு வாழ்த்துச் சொன்னார். தமிழ் மிஸ் கை கூப்பினாள். பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஆமையின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குள்ளமான பெண்மணி, தோள்கள் முன்னால் வளைந்திருந்தன. மகனைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார்.

“மிஸ், நீங்கதானா? இவனப் பத்தி எந்த மிஸ்ஸும் நல்லதா ஒரு வார்த்தை சொன்னதில்ல மிஸ். மந்தம், மந்தம்னே சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் திட்டுவேன். இன்னைக்கு நீங்க சொன்னீங்களே, நல்லா இருக்குன்னு... எனக்கு கையும் ஓடல, காலும் ஓடல.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நெஜமாவே நல்லா பண்ணினானா மிஸ்? உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க.”

தமிழ் மிஸ் ஆமையைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வார்த்தை எங்கிருந்து வெட்டியது என்று அவனுக்குத் தெரியும். அதை அம்மாவிடம் அவன் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டான். தலையாட்டினால் போதும். சிலேட்டில் ‘ஆமாம்’ என்று எழுதினால்கூடப் போதும். தாளாளர் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார், மருத்துவர் கண்டித்ததும் காதில் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.

“பொறுமையா கேட்டான்” என்றாள் தமிழ் மிஸ்.

குரலா அது? துருப்பிடித்த கதவைத் திறப்பது போல ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். தலைமையாசிரியை அவள் கையைப் பிடித்தார். அவள் விடுவித்துக்கொண்டாள்.

“கேள்வி கேட்டுட்டு, நீங்க பதில் சொல்ற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருந்தான். மத்த பிள்ளைங்களா இருந்தா அடுத்த கேள்விக்குப் போயிருப்பாங்க. நானா இருந்தாலும் போயிருப்பேன். வெட்டுன்னு இவனைத் திட்டினவ நான். இவன் வெட்டல. அதனாலதான் நீங்க பஸ் ஓட்டணும்னு சொன்னீங்க.” மூச்சு வாங்கியது. “எந்த மிஸ் மந்தம்னு சொன்னாலும் நம்பாதீங்க.”

தாளாளர் அவளையும் ஒலிபெருக்கியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலைமையாசிரியையைப் பார்த்தார். தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார். போயிற்று. ஒன்பதாம் வகுப்பு போயிற்று, வேறு எந்த வகுப்பும் இனிக் கிடைக்காது, இனி அந்த மேசைதான் என்று தமிழ் மிஸ்ஸுக்கு அங்கேயே, அந்த நிமிடமே விளங்கிவிட்டது. தொண்டையில் ரத்தச் சுவை வந்தது. ஆமையின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இஸ்திரி போட்டுப் போட்டுக் காய்ப்புக் காய்த்த கை.

“மிஸ்...” என்றான் ஆமை. சட்டைப் பையில் கைவிட்டு, வகுப்புக் கைப்பேசியை எடுக்கத் தடவிக்கொண்டிருந்தான். அது கைக்குட்டையில் சிக்கிக்கொண்டது. எடுத்தான், தலைகீழாக இருந்தது, திருப்பினான். திரை எழுந்திருக்கவில்லை, சட்டையில் துடைத்தான்.

“மிஸ், நான் ஆன் பண்ணல. இன்னொரு தடவை சொல்றீங்களா? நான் வெட்ட மாட்டேன் மிஸ்.”

தலைமையாசிரியை, “வேணாம் மிஸ், போதும், வாங்க” என்று தோளைத் தொட்டார். தமிழ் மிஸ் நகரவில்லை. அந்தப் பையன் பொத்தானைத் தேடி முடிக்கும் வரை அவன் எதிரிலேயே நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்ததும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.